‘தானே விழுந்தேன்’ என்ற வாக்குமூலம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொழிஞ்சாம்பாறையிலோ, மீனாட்சிபுரம் எல்லையிலோ, குமுளிக் கடைத்தெருவிலோ, பூப்பாறை முக்கிலோ நின்று பார்த்தால், தலைக்கவசமும் ஒளிதெறிக்கும் மேல்சட்டையும் அணிந்து, பத்துப் பன்னிரண்டு பேராக ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் நெடுந்தூரச் சைக்கிள்காரர்களைக் காண்பது இப்பொழுது யாருக்கும் அதிசயமாக இல்லை. பல்சக்கரத்தில் எத்தனை பல், டயரில் எவ்வளவு காற்று, ஏற்றத்தில் எத்தனை மிடறு தண்ணீர் என்பனவற்றையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தவறாமல் சொல்லக்கூடிய இவர்கள், பின்னால் வந்த வாகனம் இடித்துத் தோழர் ஒருவர் சாலையில் கிடக்கும்போது செய்கிற காரியங்களைப் பார்த்தால், படித்தவர்கள்தானா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் குறை சொல்வதற்கில்லை. ஓடி ஓடிக் கொண்டுபோகிறார்கள். கெடுதல் அங்கே போன பிறகுதான் ஆரம்பமாகிறது. அவசரப் பிரிவு மேஜையில் பெரிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பணியிலிருக்கும் டாக்டர் தலை நிமிராமலே, “எப்படி அடிபட்டது?” என்று கேட்கிறார். உடன் வந்தவர்களில் மூத்தவர் ஒரு கணம் யோசிக்கிறார்: வண்டி இடித்தது என்றால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் அடுத்த மாநிலத்து ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், நாளை திங்கட்கிழமை, எல்லோருக்கும் வேலை. யோசித்துவிட்டு, “சைக்கிள்ல வரும்போது சறுக்கி விழுந்துட்டார் டாக்டர்” என்கிறார். டாக்டர் அதை ‘செல்ஃப் ஃபால்’ என்று இரண்டே வார்த்தைகளில் எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறார். அந்த இரண்டு வார்த்தைகளால், அடிபட்டவருக்குச் சட்டம் கொடுத்திருந்த வழிகளெல்லாம் அநேகமாக அடைபட்டுப் போயின என்பது, பல மாதங்கள் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அந்தப் பக்கத்தின் நகலைத் தீர்ப்பாயத்தில் நீட்டும்போதுதான் இவர்களுக்குத் தெரியவருகிறது.

இவ்விதமாகக் காரியத்தைக் கெடுத்துக்கொண்ட பிறகு, காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, “இதற்கு ஏதாவது வழியுண்டா?” என்று கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனதால் இதை எழுதுகிறேன்.

இந்த விடியற்காலைச் சைக்கிள் பயிற்சி எதற்காக என்று அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸில் 1904-ஆம் ஆண்டு தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் என்ற சங்கத்தின் விதிகளை அனுசரித்து, நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பின் கீழ் ‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூர ஓட்டங்கள் நடக்கின்றன. இவற்றில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்பது கிடையாது; 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும், வெளி உதவியின்றிக் கடந்தால் போதும். இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் ‘சூப்பர் ராண்டனர்’. 300-க்கு மேல் போக விரும்புகிறவர் இரவில் ஓட்டித்தான் தீர வேண்டுமாதலால், பயிற்சியும் இருட்டிலும் விடியற்பொழுதிலும் நடக்கிறது.

நம் எல்லைப் பிரதேசத்தில் அந்த விடியற்பொழுது எப்படிப்பட்டது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் வெளியூரிலிருந்து வந்து சேருகிறவர்கள் அறியவேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை நெருக்கியடித்து ஏற்றிக்கொண்ட ஜீப்புகள், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும், கம்பம்மெட்டிலும், குமுளி மலைச்சாலையிலும், வேலை தொடங்குமுன் தோட்டத்தை அடைந்துவிட வேண்டுமென்ற அவசரத்தில் ஏறுகிற நேரமும், சைக்கிள் கூட்டம் மூடுபனியில் பிரேக்கை அழுத்திக்கொண்டு இறங்குகிற நேரமும் ஒன்றே. பாலக்காட்டுப் பக்கத்திலோ, பள்ளி நேரத்தில் டிப்பர் லாரிகளுக்குத் தடை இருப்பதால், அதற்கு முன்பே ஒரு நடை அடித்துவிடப் பறக்கிற டிப்பர்கள். போதாதற்கு, மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்த அந்தக் கணவாயின் வழியே மார்கழி, தை மாதங்களில் அடிக்கிற கீழைக்காற்றை எதிர்த்துக் கோபாலபுரத்தை நோக்கி மிதிக்கிறவர்கள், முன்னால் போகிறவனின் முதுகே தஞ்சமென்று ஒட்டிக்கொண்டு போவார்கள். காற்றின் இரைச்சலில் பின்னால் வரும் வண்டியின் ஓசை காதில் விழாது. காற்று பக்கவாட்டில் திரும்பினால், அதை ஒதுக்குவதற்காகச் சாய்கோடாகப் பிரிந்து பாதிச் சாலையை அடைத்துக்கொள்வார்கள். கார்த்திகையிலிருந்து தை வரை குமுளி வழியில் சபரிமலை யாத்திரை வாகனங்கள், இரவெல்லாம் கண்விழித்த டிரைவர்களோடு. விபத்து நடக்காமலிருந்தால்தான் ஆச்சரியம்.

நடந்தால் என்ன செய்வது? முதலில், செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். இடித்த வண்டியின் டிரைவர் பெரும்பாலும் நம்மவராகவே இருப்பார். இறங்கி வந்து கையைப் பிசைந்துகொண்டு, “அண்ணே, கேஸெல்லாம் வேண்டாம்ணே, ஓனர்கிட்டச் சொல்லி சைக்கிளச் சரிபண்ணித் தர்றேன், இத வச்சுக்குங்க” என்று இரண்டாயிரம் ரூபாயை நீட்டுவார். அடிபட்டவரும் ரத்தம் சூடாக இருக்கிறபடியால் எழுந்து நின்று, “ஒன்றுமில்லை, சிராய்ப்புதான்” என்று சொல்லி வாங்கிக்கொள்வார். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்திருப்பதும், தலைக்குள் ரத்தம் கசிவதும் பல மணி நேரம் கழித்தே தெரியக்கூடியவை என்பதை எந்த டாக்டரும் சொல்வார். அந்த டிரைவர்மீது எனக்குக் கோபமில்லை, அவர் ஏழை, மேலும், நஷ்டஈடு கொடுக்கப்போவது அவருமல்ல, அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி. இந்த ஒரு விஷயம் விளங்காததால்தான், “பாவம், ஏழை டிரைவர்” என்று இரக்கப்பட்டுத் தோழனின் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துகிறார்கள்.

வண்டி எண்ணைப் படமெடுங்கள். குழுவில் கடைசியாக வருகிறவருக்கு, மற்றவர்களெல்லாம் அடிபட்டவரிடம் ஓடினாலும், எண்ணைக் குறிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்று புறப்படும்போதே சொல்லி வைத்துவிடுவது நல்லது. டிஎன் 60 என்றோ கேஎல் 06 என்றோ தொடங்கும் அந்த எண் கிடைத்தால், எம்பரிவாகன் செயலியில் அதன் இன்ஷூரன்ஸ் நடப்பிலிருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். காயம்பட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி டிரைவரின் கடமை. உதவிக்கு வரும் டீக்கடைக்காரரும் பால் வண்டிக்காரரும், “சாட்சிக்கு இழுப்பார்கள்” என்று பயப்பட வேண்டியதில்லை; 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த நெறிமுறைகளும், பிறகு வந்த 134-ஏ பிரிவும் அவர்களுக்குக் காப்பு. பெயரைச் சொல்லும்படிகூட அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இதை அவர்களிடம் எடுத்துச் சொன்னால், பலர் தாமாகவே பெயரையும் எண்ணையும் கொடுப்பார்கள்.

இனி ஆஸ்பத்திரி. அங்கே எழுதப்படும் புத்தகத்துக்குத் தமிழ்நாட்டில் விபத்துப் பதிவேடு என்று பெயர். அதன் நகலைத்தான் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறார்கள். கேரளத்தில் ‘வூண்ட் சர்டிபிகேட்’ என்பார்கள். பெயர் எதுவானாலும், பின்னால் வரப்போகிற எல்லாக் காகிதங்களுக்கும் இதுவே மூலக் காகிதம். டாக்டர் நேரில் பார்த்ததை எழுதுவதில்லை, நீங்கள் சொல்வதை எழுதுகிறார். ஆகையால் சொல்வதில் நான்கு அம்சங்கள் இருக்க வேண்டும்: இடித்தது மோட்டார் வாகனம் என்பது, அதன் எண் அல்லது ‘எண் தெரியாத ஜீப்’ என்பது, இடம், நேரம். “இன்று காலை 6.10 மணிக்கு, போடிமெட்டுக்கும் பூப்பாறைக்கும் இடையில், சைக்கிளில் இடது ஓரமாகச் சென்றபோது பின்னால் வந்த ஜீப் மோதியது” — இவ்வளவுதான். எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். காயம் சிறிதென்றாலும், தோள்பட்டை எலும்புப் படத்தை எடுக்காமல் வெளியே வராதீர்கள். சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு முதலில் முறிவது கழுத்துப்பட்டை எலும்புதான். எலும்பு முறிந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 116-வது பிரிவின்படி ‘கொடுங்காயம்’; சிராய்ப்புக்கும் கொடுங்காயத்துக்கும் நஷ்டஈட்டில் எவ்வளவு தூரம் என்பதைக் கீழே காண்பீர்கள்.

‘தானே விழுந்தேன்’ என்று சொல்வதால் பறிபோகிற முதல் பொருள் அன்றைய வைத்தியச் செலவே. 2025 மே 5 முதல் அமலிலிருக்கும் மத்திய சர்க்கார் திட்டத்தின்படி, மோட்டார் வாகன விபத்தில் அடிபட்ட எவருக்கும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், ஏழு நாள் வரையில், 1,50,000 ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. அடிபட்டவர் சைக்கிள்காரரா, கார்க்காரரா, ஏழையா, பணக்காரரா என்ற பேதமில்லை. ஆனால் மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்துதான் என்பதைப் போலீஸ் உறுதிசெய்தாக வேண்டும். நீங்களே ‘செல்ஃப் ஃபால்’ என்று எழுத வைத்துவிட்டால் எதை உறுதி செய்வார்கள்? இந்தத் திட்டத்தைக் கேட்டால், சில ஆஸ்பத்திரிகளின் காசாளர்கள், ஏதோ சந்திர மண்டலத்துச் சமாசாரத்தைக் கேட்டதுபோல் விழிக்கிறார்கள், விழிக்கட்டும், 112-ஐ அழைத்து, அருகில் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி எது என்று கேட்கலாம், புகாருக்கு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அதன் தலைவர் கலெக்டர்.

எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தோம் என்பதும் இங்கே முக்கியமாகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அதில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பெறலாம். குமுளிச் சோதனைச் சாவடிக்குக் கிழக்கே லோயர் கேம்ப் இறக்கத்தில் விழுந்தவருக்கு இது உண்டு. மேற்கே சில அடி தள்ளி விழுந்தவருக்கு மத்தியத் திட்டம் மட்டுமே. 108-ஐ அழைக்கும்போதும், அலைபேசி அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்து அந்த மாநில நிலையத்துக்கே அழைப்பு போய்விடக்கூடுமாதலால், முதலில் மாநிலத்தின் பெயரையும் பிறகு ஊரையும் சொல்லுங்கள்.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். “இது எங்கள் எல்லையில்லை, அந்தப் பக்கம் போ” என்று சொல்லி அனுப்புவது இரு மாநிலத்துப் போலீசாருக்கும் பரம்பரை வழக்கமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு அந்தச் சாக்கை எடுத்துவிட்டது: குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிந்துகொண்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் முதலிய வழியிலும் கொடுக்கலாம். ஆனால் மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையொப்பமிட வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டியது. பதிய மறுத்தால், அதே தகவலை மாவட்டப் போலீஸ் சூப்பரின்டெண்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. மனுவில், ஆஸ்பத்திரியில் சொன்ன அதே நேரமும் இடமும் இருக்கட்டும். இங்கே ஒன்று அங்கே ஒன்று சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

பிறகு போலீசார் ஸ்தலத்துக்கு வந்து மகஜர் எழுதுவார்கள். அதை எழுதும்போது குழுவில் ஒருவராவது உடனிருக்க வேண்டும். சைக்கிளின் பின்விளக்கு எரிந்ததா, ஒளிதெறிக்கும் சட்டை இருந்ததா என்பன அதில் ஏறவேண்டும். ஏறாவிட்டால், “இருட்டில் விளக்கில்லாமல் சென்றார், பாதிக் குற்றம் அவருடையது” என்று வாதாடி, நஷ்டஈட்டில் ஒரு பகுதியை வெட்டிவிடுவார்கள். இருவர் அடுத்தடுத்து இணையாகச் சென்றீர்களா என்பதையும் அவசியம் கேட்பார்கள். பிரெவே விதியில் இரவில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளிர்சட்டையும் கட்டாயம். பயிற்சிக்கும் அதையே விதியாக வைத்துக்கொள்ளாத குழுவில் சேராதீர்கள். புறப்படுமுன் அனைவரும் விளக்கு எரிய நிற்கும் படம் ஒன்றை எடுத்து வைப்பது, வேடிக்கைக்கு எடுக்கும் நூறு படங்களைவிடப் பயன்படும்.

கைப்பிடியில் காமிராவும், தூரமானியில் தடப்பதிவும் வைத்திருப்பவர்கள் அநேகர். அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டுவிட்டு, மூலத்தின்மேல் மறுநாள் புதிய சவாரியைப் பதிவு செய்து அழித்துவிடுகிறார்கள்! மெமரி கார்டை எடுத்து உறையிலிட்டு வைத்துவிடுங்கள். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி, உடையவரும் நிபுணரும் தனித்தனியே நிரப்ப வேண்டிய சான்றிதழ் ஒன்று வேண்டும். சோதனைச் சாவடிகள், சுங்கச் சாவடிகள், கேரளத்தில் 2023 ஜூன் முதல் அபராதம் விதித்துவரும் போக்குவரத்துக் காமிராக்கள், பெட்ரோல் பங்குகள் ஆகியவற்றின் பதிவுகள் பழையன கழிந்து புதியன ஏறிக்கொண்டேயிருப்பவை. இன்ன இடத்துக் காமிராப் பதிவை எடுத்து வைக்கும்படி முதல் மனுவிலேயே எழுதுங்கள். எழுத்தில் கேட்காததற்குப் போலீஸ் பொறுப்பாகாது.

அவர்கள் பொறுப்பாக வேண்டியவையும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, படிவம் 1-ல், நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அடிபட்டவருக்கு அவருடைய உரிமைகளை விவரிக்கும் படிவம் 2-ஐ 10 நாளைக்குள் கொடுக்க வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை. அடிபட்டவர் தம் விவரங்களைப் படிவம் 6-ல் 60 நாளில் கொடுக்க, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை. படிவம் 2-ஐக் கண்ணால் பார்த்தவர் ஒருவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். “அப்படி ஒரு ஃபாரம் இருக்கா?” என்று ரைட்டரே கேட்கிறார் என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது! கேட்க வேண்டியவர் நீங்கள். தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள்.

நஷ்டஈட்டு மனுவுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரையில் வழக்குகள் போயிருக்கின்றன என்றாலும், அவற்றை நம்பி ஏழாம் மாதம் வரை சும்மாயிருப்பது மதியீனம். ஆறு மாதம் என்பதை மறுபடியும் சொல்கிறேன். எலும்பு கூடட்டும், பிளேட் எடுக்கட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் மிக அதிகம். மனுவைப் போட்டுவிட்டு எலும்பு கூடுவதற்குக் காத்திருக்கலாம். எங்கே போடுவது என்பதில் எல்லைவாசிகளுக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது: விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய எதற்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். வண்டிப்பெரியாற்றில் அடிபட்ட கம்பத்துக்காரர் மலையெல்லாம் சுற்றித் தொடுபுழைக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை; தேனி மாவட்டத்திலேயே வழக்கை நடத்தலாம். பொள்ளாச்சிச் சாலையில் அடிபட்ட சித்தூர்க்காரர் பாலக்காட்டிலேயே நடத்தலாம். “கேரளாவில் நடந்தது, அங்கேதான் போக வேண்டும்” என்று சொல்கிற வக்கீல் குமாஸ்தாக்களை நம்பாதீர்கள்.

யார் குற்றம் என்பதை நிரூபிக்க முடியாதென்று தோன்றினால், 164-வது பிரிவு இருக்கிறது. அதில் குற்றம் யாருடையதென்ற கேள்வியே இல்லை. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2½ லட்சம் என்பது நிலையான தொகை. ஆனால் மாதம் நல்ல வருமானமுள்ளவருக்கு 166-ன் கீழ் கிடைக்கக்கூடியது பல மடங்காக இருக்கலாம். 164-ன்படி உள்ள தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ன் கீழ் போட்ட மனு காலாவதியாகும். ஆகவே, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி மிக அன்போடு வீட்டுக்கு வந்து, காபி சாப்பிட்டுக்கொண்டே, “இதில் ஒரு கையெழுத்து” என்று கேட்கும்போது, எந்தப் பிரிவு என்று பார்க்காமல் போடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், பெண்கள், பட்டியல் வகுப்பினர், தொழிலாளர்கள் ஆகியோர் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தின்படி இலவச வக்கீலைத் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் கேட்டுப் பெறலாம்.

சைக்கிளுக்கு ஆன சேதத்தையும் கேட்கலாம். ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து வாங்கியவர்கள், பில்லைத் தொலைத்துவிட்டு, சட்டகத்தின் எண் எங்கே இருக்கிறதென்றே அறியாமல் நிற்கிறார்கள். பெடல் பொருத்தும் இடத்துக்கு அடியில் அநேகமாகப் பொறித்திருக்கும். இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த சைக்கிளை மகஜர் முடியுமுன் கடையில் கொடுத்துச் சரிசெய்துவிடுவது, சாட்சியை நாமே அழிப்பதற்கு ஒப்பாகும்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால்? இங்கேதான் ஜனங்கள் அடியோடு கைவிட்டு விடுகிறார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று, இன்டெல் கம்பெனியின் இந்தியத் தலைவராக இருந்த அவதார் சைனி, நவி மும்பையில் தோழர்களோடு சைக்கிளில் சென்றபோது வாடகைக் கார் மோதி இறந்தார். அந்தக் கார் அகப்பட்டுக்கொண்டது. நம் மலைப்பாதையின் பனியில் எல்லாம் அகப்படும் என்பதில்லை. அகப்படாத வண்டிக்காக, 161-வது பிரிவின் கீழ், 2022 ஏப்ரல் 1 முதல், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் சர்க்கார் வைத்திருக்கிறது. இதற்கு வழக்கும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். விபத்து நடந்த தாலுகாவின் தாசில்தார், அல்லது அந்த வருவாய்க் கோட்டத்தின் அதிகாரி, ‘கிளெய்ம்ஸ் என்கொயரி ஆபீசர்’ என்ற முறையில் மனுவை வாங்குகிறார்: குமுளியானால் பீர்மேடு தாலுகா, மறையூரானால் தேவிகுளம், கம்பம்மெட்டானால் உடும்பஞ்சோலை, கோவிந்தாபுரமோ கொழிஞ்சாம்பாறையோ ஆனால் சித்தூர், வாளையாறானால் பாலக்காடு. மனு இந்தத் திட்டத்துக்கான படிவம் 1-ல். கூடவே படிவம் 4-ல் ஓர் உறுதிமொழி, முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாளச் சான்று, பாங்குப் புத்தகத்தின் முதல் பக்கம், இலவசச் சிகிச்சை பெற்றிருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் பில். தாசில்தார் ஒரு மாதத்தில் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கலெக்டர் 15 நாளில் உத்தரவிட வேண்டும். பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் அடுத்த 15 நாளில் பாங்குக் கணக்கில் செலுத்த வேண்டும். பிறகு வண்டி அகப்பட்டுப் பெரிய தொகை கிடைத்தால், இது அதில் கழிக்கப்படும், நஷ்டமொன்றுமில்லை.

இத்தனை எளிய வழியை ஏன் யாரும் கேட்பதில்லை? யாரும் சொல்வதில்லை என்பதுதான். கோயம்புத்தூர் எலும்பு முறிவு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கிலேயே, 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கும் ஓர் உத்தரவு போட்டது: வழக்குப் பதிந்து ஒரு மாதத்துக்குள் வண்டி இன்னதென்று தெரியாவிட்டால், இந்தத் திட்டத்தில் மனுச் செய்யலாம் என்பதையும், எந்த அதிகாரியிடம், எந்த விலாசத்தில் என்பதையும் ஸ்டேஷன் அதிகாரியே அடிபட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வரவில்லையென்றால், 31-ஆம் நாள் ஸ்டேஷனுக்குப் போய், உத்தரவின் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். தேதியைச் சொன்னால் நாற்காலி போடுகிறார்கள்.

குழுவில் சேரும்போது, ‘என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களே, அது குறித்தும் ஒரு பெரும் மூடநம்பிக்கை பரவியிருக்கிறது. அந்தக் காகிதம் உங்களுக்கும் குழுவை நடத்துகிறவருக்கும் இடையிலானது. உங்களை இடித்த ஜீப்காரரோ, அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியோ அதில் கட்சியல்ல. “கையெழுத்துப் போட்டுட்டோமே, இனி யார்கிட்டயும் கேட்க முடியாது” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்வது அறியாமை. சைக்கிளுக்கு லைசென்ஸில்லை, வரியில்லை, ஆகையால் உரிமையுமில்லை என்பதும் அதே ஜாதி.

மோட்டார் வாகனமே சம்பந்தப்படாத விபத்து வேறு விவகாரம். சாலைக் குழியில் விழுந்தால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. சாலையை வைத்திருக்கும் இலாகாவுக்கு நோட்டீஸ் கொடுத்து சிவில் வழக்குப் போட வேண்டும், அது நீண்ட யாத்திரை. குழியைப் பார்த்தவுடன், தேசிய நெடுஞ்சாலையானால் 1033-லும், கேரளப் பொதுப்பணித் துறைச் சாலையானால் அவர்களுடைய பிடபிள்யூடி ஃபோர் யூ செயலியிலும் புகார் செய்து வைத்தால், பின்னால் விழுகிறவருக்கேனும் சாட்சியாகும். மறையூர், சின்னாறு வழியில் யானை துரத்தி அடிபட்டால் வனச்சரக அலுவலகத்தில் மனு. அனுமதியில்லாத நேரத்தில் காட்டுக்குள் நுழைந்திருந்தால் நிராகரிக்கக் காரணம் கிடைத்துவிடும். உண்மையாகவே தானே விழுந்தவர் ‘தானே விழுந்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டும்; இல்லாத ஜீப்பை உண்டாக்குகிற சாமர்த்தியசாலிகளும் சில குழுக்களில் இருக்கிறார்கள், அது மோசடி, ஜெயில் காரியம்.

தானே விழுகிறவருக்கும், குழியில் விழுகிறவருக்கும், பாங்குக் கணக்குள்ள எல்லோருக்குமாக ஒன்று இருக்கிறது: பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. 18 வயது முதல் 70 வரையிலானவர்களுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். எலும்பு முறிவுச் செலவுக்கு இதில் காசு கிடையாது; அதற்குத் தனி விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும்; எடுக்கும்போது, சைக்கிள் ஓட்டப் பயிற்சியை விலக்கும் ஷரத்து எதுவும் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சுரக்ஷா பீமாவின் வருஷம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய்கூட மிச்சமில்லாமல் துடைத்து வைத்திருந்தால், பாங்கு பிடித்தம் செய்யாமல் விட்டுவிடும். உங்களுக்குத் தெரிவிக்கவும் மாட்டார்கள். வாரிசுதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே கிளையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.